இலங்கைக் காட்டுப்புறா: மலைக்காட்டை நம்பி வாழும் பறவை

(க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கான விஞ்ஞானப் பாடத் துணைக் கட்டுரை – உயிரினப் பல்வகைமையும் சூழலும்)



பரீட்சை வினாத்தாளில் "இலங்கைக்கே உரிய பறவை ஒன்றைப் பெயரிடுக" என்று கேட்டால் உங்களில் அநேகர் காட்டுக்கோழி என்று எழுதுவீர்கள். அது சரியான விடையே. ஆனால் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற இடங்களில் வசிக்கும் நீங்கள் உங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில் வாழும் இன்னொரு பறவையையும் அறிந்திருத்தல் வேண்டும். அதுவே இலங்கைக் காட்டுப்புறா. சிங்கள மொழியில் இதனை 'மயில கோயா' என்பர். உலகில் வேறெந்த நாட்டிலும் இப்பறவை இயற்கையாக வாழ்வதில்லை.

இந்த ஒரு பறவையை நன்கு படித்தால் வாழிடம், இசைவாக்கம், உணவுச் சங்கிலி, உள்நாட்டுக்குரிய இனம், வாழிட இழப்பு ஆகிய ஐந்து விடயங்களையும் ஒரே உதாரணத்தைக் கொண்டு விளக்கலாம். அதற்காகவே இக்கட்டுரை தரப்படுகிறது.

இதனைப் படித்து முடித்ததும் உங்களால்,
- இலங்கைக் காட்டுப்புறாவை ஏனைய புறாக்களிலிருந்து வேறுபடுத்தி இனங்காணவும்,
- அதன் வாழிடம், உணவு, இனப்பெருக்கம் என்பவற்றை விவரிக்கவும்,
- மலைக்காடு அழிவது அதனை ஏன் பாதிக்கிறது என்பதைக் காரணத்தோடு விளக்கவும்
முடிதல் வேண்டும்.

1. பாகுபாடும் பெயரும்

இலங்கைக் காட்டுப்புறாவின் பாகுபாடு வருமாறு:

இராச்சியம் – அனிமாலியா
கணம் – கோடேற்றா
வகுப்பு – ஏவெஸ் (பறவைகள்)
வருணம் – கொலம்பிபோர்மெஸ்
குடும்பம் – கொலம்பிடே
சாதி – கொலம்பா
இனம் – டொரிங்டோனியே

ஆகவே இதன் விஞ்ஞானப் பெயர் கொலம்பா டொரிங்டோனியே ஆகும். இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளது. விடைத்தாளில் விஞ்ஞானப் பெயர் எழுத நேர்ந்தால் இலத்தீன் எழுத்துகளில் எழுத வேண்டும். சாதிப் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தாகவும் இனப்பெயர் முழுவதும் சிறிய எழுத்தாகவும் இருத்தல் வேண்டும். கையால் எழுதும்போது இரு சொற்களின் கீழும் தனித்தனியே கோடிட வேண்டும்.

கோயில் கோபுரங்களிலும் நகரக் கட்டடங்களிலும் கூட்டமாக வாழும் மாடப்புறாவின் பெயர் கொலம்பா லீவியா என்பதாகும். சாதிப் பெயர் இரண்டுக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே சாதியைச் சேர்ந்த இரு வேறு இனங்கள். ஒன்று மனிதரோடு ஒட்டி உலகின் பல நாடுகளிலும் பரந்து வாழ்கிறது. மற்றது இலங்கையின் மலைக்காட்டை விட்டு அதிக தூரம் செல்வதில்லை. நெருங்கிய உறவுடைய இனங்களுக்கும் வாழிடத் தேவைகள் பெரிதும் வேறுபடலாம் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

டொரிங்டோனியே என்னும் சொல், 1847 முதல் 1850 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த டொரிங்டன் பிரபுவின் மனைவியை நினைவுகூர்ந்து இடப்பட்டது.

2. தோற்றம்

காட்டுப்புறா ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர் நீளமானது. அதாவது உங்கள் பாடசாலை அடிமட்டத்தின் (30 சென்ரிமீற்றர்) நீளத்தை விடச் சற்று அதிகம். உடல் பருத்தது, தலை சிறியது.

இனங்காண்பதற்கான இயல்புகள்:
- முதுகும் சிறகுகளும் வாலும் கடுஞ்சாம்பல் நிறமானவை.
- தலையும் உடலின் கீழ்ப்பகுதியும் இளம் ஊதா கலந்த சாம்பல் நிறமானவை. வயிற்றுப் பக்கம் நிறம் மங்கிச் செல்லும்.
- பின்கழுத்தில் கறுப்பும் வெள்ளையுமான சதுரங்கப் பலகை போன்ற அடையாளம் உண்டு.
- கால்கள் சிவப்பு நிறமானவை.

ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. குஞ்சுப் பருவம் கடந்த இளம் பறவைகளின் நிறம் மங்கலாக இருக்கும்.

நினைவிற் கொள்க: "சாம்பல் முதுகு, ஊதா மார்பு, சதுரங்கக் கழுத்து" என்னும் மூன்றையும் சேர்த்து மனனம் செய்தால் இப்பறவையின் தோற்றம் மறக்காது.

3. நாம் தவறாக இனங்காணும் புறாக்கள்

தோட்டப் பாதையில் கொழுந்து மடுவத்துக்கு அருகே தரையில் மேயும் சிறிய புறாவைப் பார்த்துவிட்டு "காட்டுப்புறாவைக் கண்டேன்" என்று சில மாணவர்கள் கூறுவதுண்டு. அவர்கள் கண்டது பெரும்பாலும் மணிப்புறாவாகும். அதன் பின்கழுத்திலும் கறுப்பு வெள்ளை அடையாளம் இருப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம். பின்வரும் ஒப்பீட்டைக் கவனமாகப் படியுங்கள்.

(அ) மணிப்புறா: நீளம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர். முதுகு கபில நிறம், அதில் மங்கலான புள்ளிகள் உண்டு. பின்கழுத்தில் கறுப்புப் பட்டையில் வெண்புள்ளிகள் காணப்படும். வீட்டுத்தோட்டம், பாதையோரம், வயல் போன்ற திறந்த இடங்களில் தரையில் விதை பொறுக்கும். இலங்கையிலும் இந்தியா முதலிய நாடுகளிலும் வாழ்கிறது.

(ஆ) மரகதப்புறா: நீளம் ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர். முதுகும் சிறகுகளும் மரகதப் பச்சை நிறமானவை. அலகும் கால்களும் சிவப்பு. காட்டின் நிழலான தரையில் நடந்து, உதிர்ந்த விதைகளையும் பழங்களையும் உண்ணும். ஆள் அரவம் கேட்டால் தரையை ஒட்டி மிக விரைவாகப் பறந்து மரங்களுக்கிடையே மறையும். தாழ்நில மழைக்காடுகளிலிருந்து மலைப்பகுதி வரை காணப்படும். இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கூட வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பறவை இதுவேயாகும்.

(இ) இலங்கைக் காட்டுப்புறா: நீளம் ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர். கடுஞ்சாம்பல் முதுகு, சதுரங்கக் கழுத்து. பெரும்பாலும் உயரமான மரங்களின் விதானத்தில் வாழும். மலைக்காட்டுக்கு உரியது. இலங்கையில் மாத்திரம் வாழ்வது.

ஆகவே தரையில் மேயும் கபிலப் புறாவாயின் மணிப்புறா, காட்டுத் தரையில் பச்சை ஒளிர்ந்தால் மரகதப்புறா, மர உச்சியில் பருத்த சாம்பற் புறாவாயின் காட்டுப்புறா என நினைவில் வைத்திருங்கள்.

இங்கு இரு கலைச்சொற்களின் வேறுபாட்டையும் அறிய வேண்டும். மணிப்புறாவும் மரகதப்புறாவும் இலங்கையில் இயற்கையாக வாழ்கின்றன. ஆனால் வேறு நாடுகளிலும் வாழ்கின்றன. ஆதலால் அவை சுதேச இனங்கள். காட்டுப்புறா இலங்கையில் மாத்திரமே வாழ்வதால் அது உள்நாட்டுக்குரிய இனம் ஆகும். உள்நாட்டுக்குரிய இனங்கள் யாவும் சுதேச இனங்களே. ஆனால் சுதேச இனங்கள் யாவும் உள்நாட்டுக்குரியவை அல்ல. இலங்கையில் உள்நாட்டுக்குரிய பறவை இனங்கள் முப்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் இலங்கைப் பச்சைப்புறாவும் ஒன்றாகும்.

4. வாழிடம்

காட்டுப்புறா பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றருக்கு மேற்பட்ட மலைக்காடுகளில் வாழ்கிறது. ஹோட்டன் சமவெளி, ஹக்கல, பீதுருதாலகாலை மலைச்சாரல், சிவனொளிபாதமலைக் காடுகள் என்பன இதனைக் காணக்கூடிய இடங்களாகும். நுவரெலியா நகரில் பெரிய மரங்கள் நிறைந்த பகுதிகளுக்கும் சில வேளைகளில் வருவதுண்டு. பழங்கள் கிடைக்கும் இடத்தைத் தேடி இடம் மாறும் பழக்கம் இதற்கு உண்டு. உயரமான காடுகளில் பழம் குறையும் காலத்தில் தாழ்ந்த பகுதிக் காடுகளுக்கு இறங்கி வரும்.

மலைக்காட்டின் சிறப்பியல்புகளை நீங்கள் நேரில் அறிவீர்கள். காலை வேளையில் மூடுபனி இறங்குகிறது. வெப்பநிலை குறைவு. பலத்த காற்று வீசுவதால் உயரமான மலைகளில் மரங்கள் குட்டையாகவும் கோணலாகவும் வளர்கின்றன. அடிமரங்களிலும் கிளைகளிலும் பாசிகளும் பன்னங்களும் ஓர்க்கிட்டுகளும் அடர்ந்து படர்ந்துள்ளன. முகில் மரங்களில் மோதும்போது அதிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் இலைகளிலும் பாசியிலும் தங்கி, சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் இக்காடு நீரைச் சேகரிக்கிறது என்பது இதன் பொருள்.

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2524 மீற்றர். ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது. இச்சமவெளியில் மலைக்காடும் பத்தனைப் புல்வெளியும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. காட்டுப்புறாவுக்கு வேண்டியது மலைக்காடு. பத்தனைப் புல்வெளியில் அது கூடு கட்டுவதில்லை.

இப்பறவையின் நெருங்கிய உறவினமான நீலகிரிக் காட்டுப்புறா தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழ்கிறது. அதன் கழுத்திலும் சதுரங்க அடையாளம் உண்டு. பனிக்காலங்களில் கடல் மட்டம் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன. ஆயினும் இரு மலைத்தொகுதிகளுக்கும் இடையே வெப்பமும் வறட்சியும் கொண்ட தாழ்நிலம் அகன்று கிடந்தது. மலைக்காட்டை விட்டு வெளியே வாழ இயலாத பறவைகள் இரு பக்கங்களிலும் தனிமைப்பட்டு, நீண்ட காலத்தில் இரு வேறு இனங்களாகின. புவியியல் தனிமைப்படல் மூலம் புதிய இனங்கள் தோன்றுவதற்கு இதனை உதாரணமாகக் காட்டலாம்.

5. உணவும் பழக்கங்களும்

காட்டுப்புறாவின் உணவு பெரும்பாலும் தாவர உணவாகும். காட்டு மரங்களின் சதைப்பற்றுள்ள பழங்களை முழுதாக விழுங்கும். மரத்திலேயே இருந்து உண்பது வழக்கம். எனினும் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கத் தரைக்கும் இறங்கும். எனவே உணவுச் சங்கிலியில் இது முதலாம் நுகரி ஆகும்.

காட்டு மரம் (உற்பத்தியாக்கி) → காட்டுப்புறா (முதலாம் நுகரி) → கழுகு போன்ற இரைகௌவும் பறவை (இரண்டாம் நுகரி)

இவை இறந்தபின் பிரிகையாக்கிகளான பற்றீரியாக்களும் பங்கசுக்களும் அவற்றைப் பிரிகையடையச் செய்து கனியுப்புகளை மண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன.

பழத்தை விழுங்கிய பறவை அந்த மரத்திலேயே தங்குவதில்லை. வேறு மரங்களுக்கும் வேறு மலைச்சாரல்களுக்கும் பறந்து செல்கிறது. ஊறுபடாமல் வெளியேறும் வித்துகள் தாய்மரத்திலிருந்து தொலைவில் விழுகின்றன. இவ்வாறு பழந்தின்னிப் பறவைகள் வித்துப் பரம்பலுக்கு உதவுகின்றன. மரம் பறவைக்கு உணவு தருகிறது. பறவை மரத்தின் வித்தைச் சுமந்து செல்கிறது. பறவை குறைந்தால் மரங்களின் புதுப்பித்தலும் குறையும் என்பதை விடையில் குறிப்பிடத் தவறாதீர்கள்.

ஏனைய பழக்கங்கள்:
- பறத்தல் விரைவானது. சீரான சிறகடிப்போடு இடையிடையே சிறகைச் சட்டென வெட்டி அடிக்கும்.
- பெரும்பாலும் அமைதியான பறவை. இனப்பெருக்க காலத்தில் ஆண் பறவை ஆந்தையின் குரலை ஒத்த "ஹூ" என்னும் ஆழ்ந்த ஒலி எழுப்பும். மாலையில் காட்டிலிருந்து இவ்வொலி கேட்டால் ஆந்தை என்று முடிவு செய்யுமுன் காட்டுப்புறாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.
- புறாக்கள் நீர் அருந்தும் விதமும் தனித்தன்மையானது. கோழி அலகில் நீரை எடுத்துத் தலையை உயர்த்தி விழுங்கும். புறாக்கள் அலகை நீரில் அமிழ்த்தி, தலையை உயர்த்தாமலே உறிஞ்சிக் குடிக்கும்.

6. இனப்பெருக்கம்

இப்பறவை அடர்ந்த மலைக்காட்டு மரங்களில் கூடு கட்டும். புறாக்களின் கூடு பெரும்பாலும் சில சுள்ளிகளைப் பரப்பி அமைத்த எளிய மேடை போன்றது. காட்டுப்புறா ஒரு கூட்டில் ஒரு வெள்ளை முட்டையை மாத்திரம் இடுகிறது.

குஞ்சு பொரித்தவுடன் அதற்குப் பழத்தைச் சமிபாடடையச் செய்ய முடியாது. புறாக்கள் இதற்கு ஒரு வழியைக் கொண்டுள்ளன. பெற்றோரின் தொண்டைக்குக் கீழே உள்ள கண்டப்பையின் உட்சுவரில் புரதமும் கொழுப்பும் நிறைந்த தயிர் போன்ற பொருள் உண்டாகிறது. இது 'புறாப்பால்' எனப்படும். தாய், தந்தை இரண்டும் இதனை ஊட்டுகின்றன. இது முலையூட்டிகளின் பால் அன்று. முலைச்சுரப்பி பறவைகளுக்குக் கிடையாது. "புறாப்பால் சுரப்பதால் புறா முலையூட்டி ஆகும்" என்று எழுதினால் அது பிழையான விடையாகும்.

ஒரு முட்டை இடும் இயல்பின் முக்கியத்துவத்தைச் சிந்தியுங்கள். வீட்டுக் கோழி ஓர் அடையில் பத்துக் குஞ்சுகள் பொரித்தால், சிலவற்றைக் கீரி கொண்டு போனாலும் மீதி தப்பும். காட்டுப்புறாவின் கூடு கலைந்தால் அம்முயற்சி முழுவதும் வீணாகும். இவ்வாறு மெதுவாகப் பெருகும் இனத்தின் எண்ணிக்கை ஒருமுறை குறைந்துவிட்டால் மீண்டும் உயர நீண்ட காலம் எடுக்கும்.

7. காடு எவ்வாறு சுருங்கியது?

இப்பகுதியை உங்கள் வரலாற்றுப் பாடத்தோடு தொடர்புபடுத்திப் படியுங்கள்.

மத்திய மலைநாட்டின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடர்ந்த காடாக இருந்தது. பிரித்தானியர் ஆட்சியில் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியது. 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமை நிரூபிக்கப்படாத காடுகளும் தரிசு நிலங்களும் முடிக்குரியவை எனக் கருதப்பட்டன. அவை தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பால் மலைகள் தோட்டங்களாயின. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

எனினும் மலையுச்சிகளில் காடு எஞ்சியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த விஞ்ஞானி ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு (ஏறத்தாழ 1500 மீற்றருக்கு) மேற்பட்ட காடுகளை அழிக்காமல் காக்க வேண்டும் என 1873இல் ஆலோசனை கூறினார். அதற்கேற்ப அவ்வுயரத்துக்கு மேற்பட்ட அரச காடுகளை வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. நீங்கள் வசிக்கும் லயத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தேயிலை முடிந்து காடு தொடங்கும் கோடு பல மலைகளில் தெளிவாகத் தெரியும். காட்டுப்புறா பெரும்பாலும் அக்கோட்டுக்கு அப்பால் உள்ள காட்டை நம்பி வாழ்கிறது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி விடும் ஒரு தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும். "மலைநாடு எங்கும் பச்சையாக உள்ளது, ஆதலால் பறவைகளுக்கு வாழிடம் குறையவில்லை" என்று எழுதுவோர் உள்ளனர். தேயிலை மலையும் பச்சைதான். ஆனால் அங்கு வளர்வது ஒரே ஓர் இனத் தாவரம். காட்டுப்புறா விழுங்கத்தக்க பழம் தேயிலையில் இல்லை. இடுப்பளவில் கவ்வாத்து வெட்டி வைத்த செடியில் கூடு கட்டவும் முடியாது. பைனஸ், யூக்கலிப்டஸ் மரங்களை நட்ட இடங்களும் தொலைவில் காடு போலத் தெரியும். அவற்றிலும் இப்பறவைக்கு வேண்டிய சதைப்பற்றுள்ள பழங்கள் கிடைப்பதில்லை. எனவே ஓர் இடம் வாழிடமா என்பதை அதன் நிறத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. உணவு, உறைவிடம், நீர், இனப்பெருக்கத்துக்கேற்ற இடம் ஆகிய நான்கும் உண்டா என்று பார்க்க வேண்டும்.

8. இன்றைய நிலையும் பாதுகாப்பும்

இலங்கைக் காட்டுப்புறா உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செந்நிறப் பட்டியலில் 'பாதிப்புறத்தக்க' இனமாக இடம்பெற்றுள்ளது. இதற்கான முக்கிய காரணம் வாழிட இழப்பாகும். எஞ்சிய காடுகளுக்கு உள்ள அச்சுறுத்தல்கள்:
- மரக்கறிச் செய்கைக்காகவும் குடியிருப்புக்காகவும் காட்டின் ஓரங்கள் வெட்டப்படுதல்
- விறகுக்காக மரங்கள் வெட்டப்படுதல்
- வறண்ட காலத்தில் பத்தனைப் புல்வெளியில் வைக்கப்படும் தீ காட்டுக்குள் பரவுதல்
- ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போதல்
- அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பரவுதல்

பாதுகாப்பு நடவடிக்கைகள்:
- 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுயிர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது.
- ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.
- சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடு ஆகிய மூன்றும் சேர்ந்து 'இலங்கையின் மத்திய உயர்நிலங்கள்' என்ற பெயரில் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

காட்டைக் காப்பதால் பறவை மட்டும் பயனடைவதில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் வழங்கும் ஓடைகள் ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் தோன்றுகின்றன. ஹட்டன் பகுதி மாணவர்களே, நீங்கள் தினமும் காணும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் களனி ஆற்றின் மேற்பகுதி ஓடைகளில் அமைந்தவை. லயங்களுக்குக் குழாய் மூலம் வரும் பீலித் தண்ணீரும் பல தோட்டங்களில் மேலே உள்ள காட்டு ஊற்றிலிருந்தே வருகிறது. காடு போனால் பறவைக்குப் பழம் இல்லை. உங்கள் பீலியிலும் வறண்ட மாதங்களில் நீர் குறையும்.

விறகு என்பது தோட்டக் குடும்பங்களின் அன்றாடத் தேவை என்பதை மறுக்க முடியாது. கவ்வாத்துக் காலத்தில் கிடைக்கும் மிலாறையும் காய்ந்த கிளைகளையும் சேமித்துப் பயன்படுத்துவது, விறகு குறைவாகத் தேவைப்படும் அடுப்புகளை அமைப்பது, ஊற்றைச் சுற்றியுள்ள மரங்களை வெட்டாது விடுவது என்பன நடைமுறையில் செய்யக்கூடியவை. "மக்களுக்கு அறிவூட்டல் வேண்டும்" என்று பொதுவாக எழுதுவதை விட இத்தகைய குறிப்பான ஆலோசனைகளே விடைக்குப் பலம் சேர்க்கும்.

9. செயற்பாடு

ஆசிரியரின் அல்லது பெரியவர் ஒருவரின் துணையுடன் மாத்திரம் இதனைச் செய்க. காட்டுக்குள் தனியே செல்ல வேண்டாம். காட்டோரப் பாதையிலிருந்தே அவதானிக்கலாம்.

i. காலை 6.30 முதல் 7.30 வரை ஓரிடத்தில் அமைதியாக நிற்க.
ii. காணும் ஒவ்வொரு புறாவுக்கும் திகதி, நேரம், இடம், அது இருந்த உயரம் (தரை / செடி / மர உச்சி), நிறம், செய்கை என்பவற்றைப் பதிவு செய்க.
iii. லயத்தைச் சுற்றியும் இதே அவதானத்தை இன்னொரு நாள் செய்க.
iv. இரு பதிவுகளையும் ஒப்பிட்டு, எந்தப் புறா எந்த இடத்தில் அதிகம் என அட்டவணைப்படுத்துக.

காட்டுப்புறாவைக் காணாவிடினும் பதிவு வீணாகாது. "காணப்படவில்லை" என்பதும் ஓர் அவதானமே. கண்டதாகக் கற்பனை செய்து எழுத வேண்டாம்.

10. மாதிரி வினாக்கள்

பகுதி I – பல்தேர்வு

1. பின்வருவனவற்றுள் இலங்கைக்கு மாத்திரம் உரிய புறா எது?
(1) மணிப்புறா (2) மாடப்புறா (3) காட்டுப்புறா (4) மரகதப்புறா

2. காட்டுப்புறாவின் பின்கழுத்தில் காணப்படும் அடையாளம்
(1) சிவப்பு வளையம் (2) கறுப்பு வெள்ளைச் சதுரங்க அமைப்பு (3) பச்சைப் பட்டை (4) மஞ்சட் புள்ளிகள்

3. உணவுச் சங்கிலியில் காட்டுப்புறா வகிக்கும் இடம்
(1) உற்பத்தியாக்கி (2) முதலாம் நுகரி (3) இரண்டாம் நுகரி (4) பிரிகையாக்கி

4. புறாப்பால் உண்டாகும் இடம்
(1) முலைச்சுரப்பி (2) ஈரல் (3) கண்டப்பை (4) சிறுகுடல்

விடைகள்: 1 – (3), 2 – (2), 3 – (2), 4 – (3)

பகுதி II – அமைப்புக் கட்டுரை

வினா: "தேயிலைத் தோட்டமும் பசுமையானதே. ஆயினும் மலைக்காடு தேயிலைத் தோட்டமாக மாறும்போது காட்டுப்புறா பாதிக்கப்படுகிறது." விளக்குக.

ஒரு மாணவரின் குறைவான விடை: "காடு அழிந்தால் பறவைகள் அழியும். எனவே காட்டைக் காப்போம்."

இவ்விடையில் முடிவு உண்டு, காரணம் இல்லை. ஆகவே புள்ளிகள் குறையும்.

நல்ல விடைக்கான குறிப்புகள்:
- காட்டுப்புறா காட்டு மரங்களின் பழங்களை உண்கிறது. தேயிலையில் அவ்வுணவு இல்லை. (உணவு)
- அது அடர்ந்த காட்டு மரங்களில் கூடு கட்டுகிறது. கவ்வாத்து வெட்டிய குட்டையான தேயிலை இதற்கு உகந்ததன்று. (உறைவிடம்)
- ஒரு முட்டை மாத்திரம் இடுவதால் எண்ணிக்கை குறைந்தால் மீள்வது மெதுவாகும். (இனப்பெருக்கம்)
- இலங்கையில் மாத்திரம் வாழ்வதால் இங்கு அழிந்தால் உலகிலிருந்தே அழியும். (உள்நாட்டுக்குரிய தன்மை)
- பறவை குறைந்தால் வித்துப் பரம்பல் குறைந்து எஞ்சிய காடும் பாதிக்கப்படும். (சூழற்றொகுதிச் சமநிலை)

இவ்வைந்தையும் "ஆதலால்", "இதன் விளைவாக" என்னும் தொடர்புச் சொற்களால் இணைத்துச் சொந்த நடையில் எழுதிப் பழகுங்கள்.

மாணவர்களே, கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து வருவோர் இப்பறவையைக் காண்பதற்காகவே நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் விடியுமுன் புறப்பட்டு வருகின்றனர். உங்களுக்கோ அது வாழும் காடு பாடசாலை செல்லும் பாதையிலிருந்தே தெரிகிறது. நாளைக் காலை பாடசாலை செல்லும்போது தேயிலை முடிந்து காடு தொடங்கும் அக்கோட்டை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். பின்னர் இக்கட்டுரையை மீண்டும் ஒருமுறை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு மேலுள்ள வினாக்களுக்கு விடை எழுதுங்கள்.